மூட்டோடு நிற்காத வலி

ஆசிரியருக்கு,

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மூட்டு வலி என்றால் தைலத்தோடு பேச்சு முடிந்துவிடும். என் அம்மாயிக்கும் அப்படித்தான். விடிந்தால் விரல்கள் விறைத்து, கொழுந்துக் கூடைக் கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாது. "பனிதான்" என்றார்கள். ஒருநாள் வாசற்படியில் சும்மா சறுக்கியதற்கே இடுப்பெலும்பு முறிந்தது. அப்புறம்தான் மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் முடக்குவாதம் என்று தெரிந்தது.

இந்த நோயின் அழற்சி எலும்பை அரிக்கும் கலங்களை (செல்களை) தூண்டிவிடும். புதிதாகக் கட்டும் வேலை பின்தங்கும். உள்ளே தேன்கூடு போலிருக்கும் சட்டங்கள் மெலிந்து அறுந்துபோகும். அழற்சியைக் குறைக்க மாதக்கணக்கில் விழுங்கும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பைக் கரைக்கும், அதுவும் முதல் 6 மாதங்களுக்குள் வேகமாக. (பயந்துபோய் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து.)

முதுமையில் வரும் மூட்டுத் தேய்வு வேறு கதை. அதில் குருத்தெலும்புக்குக் கீழுள்ள எலும்பு எக்ஸ்ரே படத்தில் தடித்துத் தெரியும். ஆனால் தாதுச்செறிவு குறைந்து, அந்த எலும்பு வளையாமல் தாங்கும் திறனும் குறைந்திருக்கும். தடிப்பை உறுதி என்று நம்ப முடியாது.

பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகும் பெண்களில் யார் இந்த மாத்திரை எடுக்கிறார்கள் என்று தோட்ட மருந்தகங்கள் கேட்டு, எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு அனுப்பினால் நல்லது. சுகாதார அதிகாரிகள் கவனிப்பார்களா?

தலவாக்கலை வாசகி