கோவை இண்டக்‌ஷன் ஹார்டனிங் பட்டறைகள்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வந்தது, நாம் மின்தூண்டலால் சுட்டு, உடனே குளிரவைத்துக் கடினமாக்கி அனுப்பி, திரும்பி வந்த சரக்கைப் பற்றி.

சித்திரையில் கணபதிப் பக்கம் உறுப்பினர் ஒருவர் அனுப்பிய இ.என்.8 (நடுத்தர கார்பன் எஃகு) மோட்டார் ஷாஃப்ட் ஒரு லாட் அப்படியே திரும்பியது. கீவே (ஷாஃப்டில் சாவி உட்காரும் பள்ளம்) முனையில் மயிரிழை விரிசல். மெஷினைப் பார்த்தோம், 10 கிலோஹெர்ட்ஸ், காயில் இடைவெளி, ஸ்கேன் வேகம் எல்லாம் சரி. பிறகுதான் சுட்டதைக் குளிரவைக்கும் குவென்ச் தொட்டிக்குப் போனோம். வெயிலுக்கு மட்டம் இறங்குகிறதென்று தினமும் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஷாஃப்டும் தொட்டித் தண்ணீரில் கலந்திருக்கும், குளிர்வதை மெதுவாக்கும் பாலிமரைத் தன்னோடு கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. அதை ஈடுகட்ட யாருக்கும் தோன்றவில்லை. கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். கீவே ஓரம் பிளக்காமல் என்ன செய்யும்?

அடுத்த மாதமே சங்கச் செலவில் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் (கரைசலின் செறிவை அளக்கும் கருவி) வாங்கினோம். அதிலும் ஒரு கூத்து. அது காட்டும் எண் பாலிமர் சதவீதம் அல்ல, பிரிக்ஸ் (சர்க்கரைக் கரைசலுக்கான அளவு). பாலிமர் கொடுத்தவர் சொல்லும் எண்ணால் பெருக்க வேண்டும். நம் பாலிமருக்கு அது 2.5. ஒரு பட்டறையில் 4 என்று வந்ததை 4 சதவீதம் என்றே எடுத்துக்கொண்டு, சரியாக 10 சதவீதத்தில் இருந்த தொட்டியில் மேலும் பாலிமர் ஊற்றிவிட்டார்கள். விரிசல் வரவில்லை. ஆனால் 55 ராக்வெல் (கடினத்தின் அளவு) கேட்ட இடத்தில் 45தான் வந்தது. சறுக்க வேண்டிய அரம் கடித்தது. அந்தப் பட்டறை என்னுடையது.

கம்பிக் கலப்பும் தீரவில்லை. இ.என்.8 என்று வரும் லாட்டில் மைல்டு ஸ்டீல் நுழைந்துவிடுகிறது. கார்பன் 0.2 சதவீதம் இருக்கிற கம்பியை எவ்வளவு சுட்டாலும் அந்தக் கடினம் ஏறாது, பழி மட்டும் நம் மேல் ஏறும். எனவே லாட்டுக்கு ஒரு பீஸ் சோதனைக்கு ஓட்டி, அறுத்து, கடினம் இறங்கிய ஆழம் பார்த்த பிறகே மீதியைத் தொடுவது என்று தீர்மானித்தோம். சில வாடிக்கையாளர்கள் அந்த ஒரு பீஸுக்கும் கணக்குக் கேட்கிறார்கள், பேசி வருகிறோம்.

பாக்கி வசூல்: சிறு, குறு தொழில்களுக்கு வாடிக்கையாளர் பணம் தர, சட்டம் அதிகபட்சம் 45 நாள் என்கிறது. நம் லெட்ஜர் என்ன சொல்கிறது என்பதை இங்கே வாசிக்க வேண்டியதில்லை.

ரிஃப்ராக்டோமீட்டர் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். கடைசியாக எடுத்தவர் கண்ணாடியைத் துடைக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்