பாறையைப் போர்த்தியதெல்லாம் காட்டுப்பூ அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளோடு பாறைக் கடற்கரையை நடந்தே சுற்றிப் பார்த்த குடும்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அருமை. வண்டியில் போய் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் கண்ணில் பாறையில் பூத்திருக்கும் பூக்கள் படவே படாது. ஆனால் முதல் படத்துக்குக் கீழே ‘பாறையைப் போர்த்திய காட்டுப்பூக்கள்’ என்று போட்டிருக்கிறீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

விரல் தடிமனில் மூன்று பட்டை வைத்த இலை, மஞ்சளாக மலர்ந்து இளஞ்சிவப்பாக மாறும் பூ. படத்தில் இருப்பது ஐஸ் பிளான்ட். பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. மண் அரிப்பைத் தடுக்கும் என்று நம்பி, கலிஃபோர்னியாவில் 1900களின் தொடக்கத்தில் ரயில் பாதையோரம் நட்டார்கள். தண்டு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர்விட்டுப் படரும். ஆனால் வேர் ஆழம் போகாது. இலைகளில் நீர் கோத்துக் கனத்ததும், சரிவில் மண்ணையும் இழுத்துக்கொண்டு கீழே வந்துவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அந்த மெத்தைக்கு அடியில் சிக்கிய உள்ளூர்ச் செடிக்கு வெளிச்சமும் இல்லை, இடமும் இல்லை. மத்தியதரைக் கடலோரத்திலும் இதைப் பிடுங்கி எறிய ஆள் போட்டுப் பாடுபடுகிறார்கள். நாம் அதற்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறோம்!

பாறையை நம்பியே வாழும் பூவைப் பார்க்கக் குனிய வேண்டும். வேல்ஸில் பெம்புரோக்‌ஷயர் கரையோரப் பாதை 1970இல் திறக்கப்பட்டது. நீளம் 299 கி.மீ. மே, ஜூனில் போனால் வழியெங்கும் த்ரிஃப்ட் என்ற செடி பூத்திருக்கும். புல் போன்ற இலைகள் திண்டாகத் திரண்டு தரையோடு ஒட்டியிருக்கும். காற்று மேலேயே வழுக்கிப் போய்விடும். ஆணிவேர் பாறை வெடிப்புக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். பக்கத்திலேயே சீ கேம்பியன்: வெள்ளை இதழ்களுக்குப் பின்னால் ஊதி வைத்தாற்போல் ஒரு பை, அதில் மெல்லிய நரம்புகள். இதையெல்லாம் முதலில் கண்டுபிடிப்பது சின்னப் பிள்ளைகள்தான். அவர்கள் கண் இருக்கும் உயரம் அப்படி. அதனால் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் பெரியவர்களும் நிற்கட்டும். ‘சீக்கிரம் வா’ என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

அப்புறம், பாறைக்குக் கீழே உள்ள சிறு மணல் திட்டுகளில் இறங்குவது பற்றிக் கட்டுரையில் எச்சரிக்கையே இல்லை. கடல் ஏறும் நேரம் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் மேலே வரும். நேற்று நடந்து போன வழி இன்று அதே நேரத்தில் இருக்குமா என்பதை, கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்த முறை படத்துக்குக் கீழே செடியின் பெயரையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்