இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதே

மதுரை
ஐப்பசி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான், பூஜை அறைக் குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டு எழப் பார்க்கிறான் என்று எழுதியிருந்தாயே, வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே பெரியவனுக்குத் தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் திண்டுக்கல், பள்ளியில் ஆசிரியை. குலதெய்வத்துக்கு அடுத்த பத்திரிகை உனக்குத்தான்.

கடைசிப் பக்கத்தில் நீ எழுதியதுதான் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 82 கிலோவிலிருந்து 74-க்கு வந்துவிட்டாய். ஆடியிலிருந்து முள் அங்கேயே நிற்கிறது. அதனால் இனி இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் மோரோடு படுக்கப் போகிறாய். வேண்டாம் மல்லிகா. இந்த வயதில் எட்டுக் கிலோ குறைப்பது சாதாரணக் காரியம் இல்லை. அதைச் செய்தவளுக்கு மன உறுதி போதவில்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், நீயே சொன்னாலும் சரி.

எடை நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 82 கிலோ உடம்பு செலவழித்த அளவு சக்தி 74 கிலோ உடம்புக்குத் தேவைப்படாது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ நூறு கலோரி அங்கேயே குறைந்துவிடுகிறது. அது போதாதென்று உடம்பு தானாகவும் சிக்கனம் பிடிக்கிறது. மின்விசிறிக் காற்றே குளிர்கிறது, மத்தியானம் படுத்தால் எழ மனமில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது என்றெல்லாம் நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு மின்னசோட்டா ஆய்வு நினைவுக்கு வந்தது. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறத்தாழப் பாதிச் சாப்பாடு மட்டும் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்கும் எந்நேரமும் குளிரும் சோர்வும் எரிச்சலும்தான். நினைப்பெல்லாம் சாப்பாட்டைச் சுற்றியே இருந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்துவிட்டது. உன் நிலை அவ்வளவு கடுமையானது இல்லை. ஆனால் போகிற திசை அதுதான். நீ இன்னும் குறைத்தால் உடம்பு இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

குளிரும் சோர்வும் தைராய்டு குறைவாலும் ரத்தசோகையாலும்கூட வரும். தைராய்டுக்கு டிஎஸ்எச், ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், இந்த இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் இந்த வாரமே பார்த்துவிடு.

இனி சாப்பாடு. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறும் ரசமும், இரவு ஒரு கோதுமை தோசை என்று எழுதியிருக்கிறாய். இதில் புரதம் எங்கே இருக்கிறது? ஒரு இட்லியில் இரண்டு கிராம் இருந்தால் அதிகம். நாள் முழுவதும் சேர்த்தாலும் முப்பது கிராமைத் தொடாது. எடை குறைக்கிறவர்கள் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராமாவது சாப்பிட வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. உனக்கு அது 85, 90 கிராம் வரும். அது கிடைக்காதபோது கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. எட்டுக் கிலோவில் எவ்வளவு தசை போயிற்றோ என்பதுதான் என் கவலை.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு மீனை ஏன் விட்டாய்? நூறு கிராம் சாளையில் இருபது கிராம் புரதம் இருக்கிறது, விலையும் குறைவு. பொரிக்காமல் குழம்பு வை. காலையில் இட்லியோடு இரண்டு முட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், மத்தியானம் கெட்டித் தயிர், இரவு மீனும் காயும் ஒரு சப்பாத்தியும். சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லை என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்கு. அளவு பார்க்க வேண்டிய இடம் எண்ணெய்தான். தாளிக்கும்போது பாட்டிலை அப்படியே சாய்க்காமல் கரண்டியில் அளந்து ஊற்று. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நீ விடப் போகும் இரவுத் தோசையில் இருப்பதும் அதைவிடப் பெரிதாக அதிகம் இருக்காது.

தினமும் நடக்கிறாய், நல்லது, விடாதே. ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. தசைக்குப் பாரம் வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொள். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாக இறங்கு. நாற்காலியைத் தொட்டதும் உட்கார்ந்துவிடாமல் எழுந்திரு. தொடையில் கை ஊன்றக் கூடாது. எழும்போது மூச்சை விடு, அடக்காதே. முட்டி வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயர்த்திக்கொள். அடுத்து, சமையல் மேடையைப் பிடித்துச் சாய்ந்தபடி தண்டால். பிறகு டம்பெல்லை ஒரு கையில் எடுத்து, குனிந்து இடுப்புவரை இழுப்பது. எந்தப் பயிற்சியானாலும் கடைசி இரண்டு முறை திணறித்தான் முடிக்க வேண்டும். பன்னிரண்டு முறை சுலபமாக வந்துவிட்டால் எடையைக் கூட்டு. மாதக்கணக்கில் அதே இரண்டு கிலோவை ஆட்டிக்கொண்டிருப்பவர்களை எங்கள் ஜிம்மில் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவ்வளவு உழைப்பும் வீண்.

தசை வந்தால் சும்மா உட்கார்ந்திருந்தாலே கொழுப்பு கரையும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்குச் செலவழிப்பது 13 கலோரிதான். பலன் வேறு இடத்தில் இருக்கிறது. சாப்பிட்டபின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். குறைகிற எடை கொழுப்பாகக் குறையப் பாரம் தூக்குவது உதவுகிறது. அப்புறம், என் அம்மாவின் கடைசி வருடங்களை நீ பார்த்திருக்கிறாய். எடை குறைவுதான், சர்க்கரைகூட இல்லை. ஆனாலும் கட்டிலிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. தொடையில் தோல்தான் இருந்தது. நமக்கு அந்த நிலை வரக் கூடாது மல்லிகா. நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காகத்தான்.

எடைக் கருவியை மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். பயிற்சி தொடங்கிய புதிதில் தசையில் நீர் கோத்து ஒரு கிலோ ஏறினாலும் ஏறும், பயப்படாதே. 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேக்காரர், மற்றவர் லண்டன்காரர். இருவரின் பிஎம்ஐயும், அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கும், 22.3. லண்டன்காரரின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம். எடைக் கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. தையல்காரர் டேப் ஒன்று வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் இடுப்பை அளந்து எழுதி வை. இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். எடை அசையாமல் இடுப்பு ஒரு அங்குலம் இறங்கினால் எனக்கு உடனே எழுது.

கார்த்திகையில் முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிறோம். நீ வராமல் எடுப்பதாக இல்லை. இரண்டு நாள் தங்குவது போல வா, காலையில் ஜிம்முக்கும் கூட்டிப் போகிறேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுது.

அன்புடன்,
சாந்தி