பலகைக் கதவை விற்றுவிடாதே

அன்புள்ள கணேசா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். உன் அலட்சியம் எனக்குத் தெரியும். இங்கே சிகாகோவில் நாங்கள் சௌக்கியம். பேரனிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது, அதுவும் நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

உன் பாத்திரக் கடை முகப்பை இடித்துவிட்டுக் கண்ணாடி வைக்கலாம் என்று உன் மகன் நச்சரிக்கிறான், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். உடனே பதில் போடவில்லை. போன சனிக்கிழமை ஒரு கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்ததில் எனக்கே குழப்பமாகிவிட்டது.

ஊர் பெயர் கலீனா. இல்லினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், காரில் மூன்று மணி நேரம். மொத்த ஜனமே 3,300 சொச்சம்தான். கலீனா என்றால் காரீயத் தாது. நீ விற்கும் ஈயச் சொம்பின் ஈயம் இல்லை. இது துப்பாக்கிக் குண்டுக்கும் குழாய்க்கும் போன சரக்கு. 1840களில் அமெரிக்கக் காரீயத்தில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில் தோண்டியதுதான். மிசிசிப்பியிலிருந்து நீராவிப் படகுகள் ஊர் ஆற்றுக்குள் திரும்பி, கடைத்தெரு அருகே வந்து நிற்குமாம். இன்று அந்த ஆற்றைப் பார்த்தால் நம் அரசலாறு தேவலை. தாதுவை உருக்க மலைச்சரிவு மரங்களை வெட்டித் தீர்த்தார்கள். மண் கரைந்து வந்து ஆற்றைத் தூர்த்துவிட்டது. 1854ல் ரயிலும் வந்தது. படகு போயிற்று, சுரங்கம் படுத்தது, அப்புறம் ஜனங்களும் மூட்டை கட்டினார்கள்.

தெரு பிழைத்ததே அதனால்தான் என்பேன். பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யார் கையிலும் காசு இல்லை. 1969ல் அரசாங்கம் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்த்தது; இப்போது முகப்பில் கை வைக்க வேண்டுமென்றால் நகராட்சியிடம் போய் நிற்க வேண்டும். உன் கடை மட்டும் என்ன? உங்கள் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு இருபது வருஷம் இழுக்காமல் இருந்திருந்தால், அது எப்போதோ மூன்று மாடி ஆகியிருக்கும்.

தெரு ஆற்றோடு சேர்ந்து வளைகிறது. இரண்டு பக்கமும் மூன்று நான்கு மாடிச் செங்கல் கட்டடங்கள், தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு. ஒரு கடைக்குள் நுழைந்தேன், நம் பெரிய கடைத்தெருவேதான்: வாசல் குறுகல், உள்ளே போகப் போக நீளம். மரத்தரை காலடியில் முனகுகிறது. மேலே பூவேலை அச்சடித்த தகர உட்கூரை, வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசியதில் பூவெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. தெருவுக்குள் நுழையும் இடத்தில் பெரிய இரும்பு வெள்ளக்கதவுகள். ஆறு பொங்கினால் மூடிவிடுவார்களாம், நாம் கடைக்குப் பலகை போடுவதுபோல.

1855ல் திறந்த ஓட்டல் இன்னும் நடக்கிறது. அதன் மாடத்தில் நின்று 1856ல் லிங்கன் பேசியிருக்கிறார். எனக்குப் பிடித்தது பின்னால் ஜனாதிபதியான யுலிசீஸ் கிராண்ட் கதைதான். தொட்டதெல்லாம் நஷ்டமாகி, 1860ல், 38 வயதில், அப்பாவின் தோல் கடைக்கு வந்து தம்பிகளோடு வேலை பார்த்த ஆள். அடுத்த வருஷம் உள்நாட்டுப் போர் வந்தது. தளபதியாகித் திரும்பியபோது, 1865ல், ஊர்க்காரர்கள் வீடே வாங்கிக் கொடுத்தார்கள். 1868 தேர்தலில் ஜெயித்து நாட்டுக்கே ஜனாதிபதி. கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது இத்தனை மரியாதை கிடைத்திருக்குமா என்ன!

சரி, குழப்பம் என்றேனே. அந்தத் தெருவில் மெழுகுவத்தி கிடைக்கிறது, ஒயின் கிடைக்கிறது, எடை போட்டு இனிப்பு கிடைக்கிறது, எல்லாம் என்னைப் போல வந்து போகிறவனுக்கு. முழங்கால் வலிக்கு ஒரு தைலம் வாங்கலாம் என்று ஒரு கோடி முதல் மறுகோடி வரை நடந்தேன், மருந்துக்கடை கண்ணில் படவில்லை. கடைசியில் நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடைக்குத்தான் போனோம். ஊர்க்காரர்களும் சாமான் வாங்க அங்கேதான் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். உன் கடைக்கோ, கல்யாணச் சீர் வாங்குகிறவர்களும் குக்கருக்கு கேஸ்கெட் கேட்கிறவர்களும் இன்னும் வருகிறார்கள். அந்த வியாபாரம் போய்விட்டால் முகப்பு எவ்வளவு அழகாக இருந்து என்ன?

அதனால் மகனோடு சண்டை போடாதே. உள்ளே விளக்கு, ஏசி, அலமாரி, அவன் இஷ்டம். முகப்பை மட்டும் விட்டுவைக்கச் சொல், கேட்டால் சரி. கேட்காவிட்டாலும் அந்தப் பலகைக் கதவைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடாதே. ஒன்று, இரண்டு என்று உங்கள் அப்பா தார் பூசி எண் எழுதிய பலகைகள். ஏழாவது மட்டும் எப்போதும் மாட்டிக்கொள்ளும், நாம் இரண்டு பேரும் உதைத்துத்தான் உள்ளே தள்ளுவோம். தை மாதம் வருகிறேன். அதுவரை உன் வீட்டுப் பரணில் கிடக்கட்டும்.

உன்,
சேது