பந்தி நீள்கிறதென்று சமாதானத்தை வெட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய வியாழனும் ஈஸ்டரும் நெருங்குகின்றன. பெங்களூரில் ஒரே ஆலயத்தில் ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று ஆராதனைகள் அடுத்தடுத்து நடக்கும் இடங்களில், தமிழ்ச் சபைக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்தான். பண்டிகைக்கு 300 பேர் வந்துவிட்டால், அப்பமும் திராட்சை ரசமும் பெறும் திருவிருந்து நேரத்துக்குள் முடியாது என்ற பதற்றத்தில் முதலில் வெட்டப்படுவது, சபையார் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறுதல். இது சரியல்ல.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாகி, 1950இல் தன் திருவிருந்து முறைமையை வெளியிட்டபோது, சபையார் கைக்குக் கை சமாதானம் தருவதை அதில் சேர்த்தது. சிரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து வந்த அந்த வழக்கத்தைப் பிற நாட்டுச் சபைகளும் கவனித்தன. வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேர்த்து, இடது கையால் மற்றவர் கையை மூடித் தருவார்கள். எல்லா வரிசையிலும் ஒரே சமயத்தில் கடந்துபோவதால் இதற்கு இரண்டு நிமிடம் போதும். வெட்டி மிச்சமாவது அவ்வளவுதான்.

நேரம் போவது பீடத்தடியில். பீடத்தின் முன்னுள்ள தடுப்பான கிராதியில் 12 பேர் முழங்காலிட, அப்பம், ரசம் கொடுத்து, ஆசி கூறி, அத்தனை பேரையும் ஒன்றாக எழுப்பியனுப்ப இரண்டரை நிமிடம் ஆகிறது. 300 பேருக்கு 25 பந்தி. ஒரு மணி நேரம் தாண்டிவிடும். பெறுவதற்கு ஆகும் நேரம் கொஞ்சம். எழுவதற்கும், இறங்குவதற்கும், அடுத்த பந்தி நிரம்பக் காத்திருப்பதற்கும்தான் மீதி கரைகிறது. பெற்றவர் எழுந்ததும் அந்த இடத்தில் அடுத்தவர் முழங்காலிடட்டும். அப்பத்துக்கு ஒருவர், ரசத்துக்கு ஒருவர் என்று கிராதியின் வலப்பாதிக்கு ஒரு ஜோடி, இடப்பாதிக்கு ஒரு ஜோடி என ஊழியர்கள் நின்றால், தலைக்குப் பத்து வினாடி வீதம் 25 நிமிடத்தில் முடியும். ஆசியை இறுதியில் எல்லோருக்கும் சேர்த்துக் கூறலாம். நடுப்பாதையில் வந்து ஓரப்பாதையில் திரும்ப வேண்டும். இதை ஆரம்ப அறிவிப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாத்திரம் பிடிக்கும் உதவியாளருக்குப் பேராயரின் அனுமதி வேண்டும் என்பதால், கடைசி வாரம் வரை விடாமல் இப்போதே கேட்டுவிடுங்கள்.

ரசமும் காலை வாரும். அரைக் கிலோ உலர்ந்த கருந்திராட்சையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் பிழிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கிடைக்கும். ஏப்ரல் வெயிலில் அதை வெளியில் மூடி வைத்தால் மறுநாளே நுரைத்துப் புளிக்கும். ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் எடுக்க வேண்டும். தனிக்கிண்ணத்துக்குப் பத்து மில்லி என்றால் 300 பேருக்கு மூன்று லிட்டர். அப்பத்தை ரசத்தில் தோய்த்துக் கொடுத்தால் பாத்திரத்துக்குக் கால் லிட்டர் வீதம் போதும். ஆனால் தோய்ப்பது ஊழியரின் கையாக இருக்கட்டும். அவரவரே தோய்த்தால் விரல் ரசத்தில் படும். மெல்லிய அப்பம் தோய்க்கத் தாங்கும். ரொட்டித் துண்டு உதிர்ந்து, ஐம்பதாவது ஆளுக்குள் பாத்திரம் கலங்கிவிடும். ஒரே பாத்திரத்தில் பருகும் சபைகளில், ஒவ்வொருவர் பருகியதும் விளிம்பை உள்ளும் புறமும் வெள்ளைத் துணியால் துடைத்து, பாத்திரத்தைச் சற்றுத் திருப்பித் தர வேண்டும்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு இருக்கைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அதைக் கடைசிக்குத் தள்ளினால் இரைச்சலில் யாராவது விடுபடுவார்கள். யார் எங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்று ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை முன்பே குறித்துக் கொடுத்தால், சபையார் எழும்புமுன் அவர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இந்தப் பந்தியைப் பற்றித்தானே.

மீந்த அப்பத்தையும் ரசத்தையும் ஆராதனை முடிந்ததும் ஆயரும் உதவியாளர்களும் உட்கொள்ள வேண்டும். அவசரத்தில் அதைச் சிங்கில் கொட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பாத்திரம் கழுவிய முதல் தண்ணீர்கூட மண்ணில்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிரேசர் டவுன், பெங்களூர் - 5