ஜே.ஜே.யை எங்கள் பெயரைச் சொல்லி எடுக்காதீர்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலை அடுத்த ஆண்டு முதல் பாடத்திலிருந்து எடுத்துவிடப் போகிறீர்கள் என்று துறையில் பேச்சு அடிபடுகிறது. எடுப்பதும் வைப்பதும் உங்கள் அதிகாரம், அதில் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் உறுத்துகிறது. மாணவர்களுக்குப் புரியவில்லை, எல்லாம் கிராமத்துப் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்கள், அவர்கள் தலையில் ஏன் இந்தப் பாரம் என்கிறீர்களாம். எங்களில் யாரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. எங்களைச் சாக்கு வைத்துத்தான் எடுக்கிறீர்கள் என்றால், அந்த நாவலைப் படித்தபோது எங்களுக்குள் என்ன நடந்தது என்பதையாவது கேட்டுவிட்டு எடுங்கள்.

புரியவில்லை என்று சொன்னோமா? சொன்னோம். வகுப்பிலேயே சத்தமாகச் சொன்னோம். வாட்ஸ்அப் குழுவில் அப்போது வந்த ஆடியோக்களைக் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். "கதை எப்பதான்டி ஆரம்பிக்கும்?" என்று ஒருத்தி கேட்க, "ஆள் செத்துட்டான்னு மொத வரியிலயே சொல்லிட்டாங்க, இனிமே என்னத்த ஆரம்பிக்கிறது" என்று இன்னொருத்தி. அந்த முதல் வரிதான் எல்லாருக்கும் வம்பாகிப் போனது. ஜே.ஜே. என்கிற ஜோசஃப் ஜேம்ஸ் 1960 ஜனவரி 5 அன்று தன் 39ஆவது வயதில் இறந்தான் என்று சொல்கிற ஆசிரியர், அது ஆல்பெர் காம்யு விபத்தில் மாண்டதற்கு மறுநாள் என்றும் போகிற போக்கில் சேர்த்துவிடுகிறார். பென்னாகரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் போனை எடுத்துத் தேடினாள். காம்யு என்று ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் நிஜமாகவே இருந்திருக்கிறார், 1960 ஜனவரி 4 அன்று கார் விபத்தில் இறந்தும் இருக்கிறார். அப்போ ஜே.ஜே.வும் நிஜம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். அப்புறம் மலையாள எழுத்தாளர் ஜோசஃப் ஜேம்ஸைத் தேடினால் ஆளே கிடைக்கவில்லை. கிடைத்தது சி.ஜே. தாமஸ் என்ற மலையாள நாடக ஆசிரியர், அவரும் 1960இல்தான் இறந்திருக்கிறார். ஜே.ஜே. கற்பனைதான், ஆனால் தாமஸின் சாயல் அவனிடம் உண்டு என்று பலரும் சொல்வதாக எங்கள் ஐயா பிறகு வகுப்பில் சொன்னார். ஆனால் அதற்கு முன்பே வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஜே.ஜே. இருந்தாரா இல்லையா என்று கேன்டீனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாவலுக்காக எங்கள் பேட்சில் நடந்த ஒரே சண்டை அதுதான். மற்ற நாவல்களுக்கெல்லாம் கதைச்சுருக்கத்தை மனப்பாடம் பண்ணிவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

இந்த நாவலைக் கஷ்டம் என்கிறீர்கள், சரி. கஷ்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? பாலு என்கிற தமிழ் எழுத்தாளன் தான் பெரிதாக மதிக்கிற ஒரு மலையாள எழுத்தாளனைப் பற்றிக் கேட்டதையும் பார்த்ததையும் குறிப்புக் குறிப்பாக எழுதுகிறான், பிறகு ஜே.ஜே.யின் நாட்குறிப்பு வருகிறது. அவ்வளவுதான் அமைப்பு. வாக்கியங்களும் ஒன்றும் கடப்பாரை போட்டு உடைக்க வேண்டியவை இல்லை. எது முதலில் நடந்தது, எதற்கு எது காரணம் என்று யாரும் வரிசையாகச் சொல்வதில்லை என்பதுதான் எங்களுக்குச் சிக்கலாக இருந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்த்ததும் வகுப்பில் ஒரு பையன்தான். பாப்பாரப்பட்டிப் பக்கம், வகுப்பில் அதிகம் பேசாதவன், முதுகலைக்கு வந்ததே கல்வெட்டு படிக்கலாம் என்ற ஆசையில். அவன் எழுந்து, "ஐயா, இது நடுகல் மாதிரி இருக்குங்க" என்றான். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கிற, சண்டையில் செத்த வீரர்களுக்கு நட்ட நடுகற்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது யாண்டு, தொறு கொண்ட ஞான்று பட்டான் இன்னான் கல் என்று இரண்டு மூன்று வரி எழுத்து, மாட்டு மந்தையைக் கவர்ந்த நாளில் செத்த இன்னானுடைய கல் என்று அர்த்தம். பக்கத்தில் வில்லோ வாளோ பிடித்த ஓர் உருவம். செத்த தேதி, செத்த காரணம், பெயர், முடிந்தது. அந்த ஆள் எப்படிப்பட்டவன், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் பார்க்கிறவன் யோசித்துக்கொள்ள வேண்டியது. நாவலின் முதல் வரியும் ஒரு கல்லில் வெட்டி வைக்கிற வரிதான், மீதி இருநூற்றுச் சொச்சம் பக்கமும் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருத்தன் யோசிப்பது, அதனால்தான் முன்னும் பின்னுமாகப் போகிறது என்று அவன் சொன்னபோது எங்கள் ஐயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் யாராவது இப்படி எழுதியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. நடுகல் நிற்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு அது தானாக வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது என்ற பேச்சைக் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இவன் முகம்தான்.

அதோடு, துண்டு துண்டான நூல் எங்களுக்குப் புதுசா என்ன? இதே பாடத்திட்டத்தில் இலக்கிய வரலாற்றுத் தாளில் 'தகடூர் யாத்திரை' படிக்கிறோம். தகடூர் என்ற எங்கள் ஊரின் பழைய பெயரில் உள்ள நூல், அதியமான் மீது சேரன் படையெடுத்து வந்த கதை. முழு நூல் போய்விட்டது. புறத்திரட்டு என்ற தொகை நூலிலும் பழைய உரைகளிலும் சிக்கிய பாடல்கள்தான் மிச்சம். பாட்டுக்கு நடுவே உரைநடையும் கலந்திருந்த நூல் என்று வேறு சொல்கிறார்கள். கிடைத்த பாடல்களை வைத்து, இது யார் பேசியது, போரில் எந்தக் கட்டம் என்று நாங்களே ஊகித்து எழுதுகிறோம், அதற்கு நீங்கள் மதிப்பெண்ணும் போடுகிறீர்கள். அது கஷ்டம், எடுத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. 1981இல் வந்த நாவல் மட்டும் கஷ்டமாம்.

எல்லாருக்கும் பிடித்துப்போனது என்று நான் கதை விடவில்லை. பாதிப்பேருக்கு ஜே.ஜே.யைக் கண்டாலே ஆகவில்லை. தமிழ் எழுத்தாளன் என்று பாலு அறிமுகம் ஆகும்போது, கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலை வைத்து, சிவகாமி அம்மாள் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்று ஜே.ஜே. நக்கலாகக் கேட்கும் இடம் இருக்கிறதே, அங்கே வகுப்பே கொதித்தது. பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு கல்கியைத் தேடித் தேடிப் படித்தவர்கள் எங்களில் நிறையப் பேர். "நம்ம ஆளைக் கிண்டல் பண்ண இவன் யாரு?" என்று ஒருத்தி அதோடு புத்தகத்தை மூடியே வைத்துவிட்டாள். இன்னும் திறக்கவில்லை. அவள் எழுதித் தந்த அசைன்மென்ட்தான், என்னைக் கேட்டால், வகுப்பிலேயே நல்ல அசைன்மென்ட். கல்கி பக்கம் நின்று ஜே.ஜே.யோடு மல்லுக்கு நிற்கிறாள், எதற்காகக் கோபம் வந்தது என்று வரிவரியாகச் சொல்கிறாள். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் இன்னொருத்தன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். வேறு மொழி எழுத்தாளனைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற தமிழ் எழுத்தாளனை அவனுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை, எங்கள் தெருவில் இது சாதாரணம் என்றான். இந்த நாவல் ஆற்றூர் ரவிவர்மா மொழிபெயர்ப்பில் மலையாளத்துக்கும் போயிருக்கிறது என்று தெரிந்ததும் அவன் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் குடைகிறது: தமிழில் படிக்கிற நாம் ஏமாறலாம், மலையாளத்தில் படிக்கிறவனுக்கு இப்படி ஓர் எழுத்தாளன் நம் ஊரில் இல்லையே என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுமே, அவன் எப்படிப் படித்திருப்பான்?

நாட்குறிப்புப் பகுதி வேறு கதை. முன்பகுதியைத் திட்டியவர்கள்கூட அதிலிருந்து வரிகளை எடுத்து ஸ்டேட்டஸ் போட்டார்கள். யார் எழுதியது என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் ஜே.ஜே. என்றே சொல்லியிருக்கிறார்கள். நூலகப் பிரதியில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'புரியல' என்று இருக்கிறது, அதன் கீழே வேறு கையெழுத்தில் 'எனக்கும்', அதற்கும் கீழே பேனாவில் 'நாட்குறிப்பு படிச்சிட்டு திரும்ப வா'. எங்களுக்கு முந்தைய பேட்சுகள் எழுதியது. நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது தப்புதான், ஆனால் அந்த மூன்றாவது ஆள் சொன்னபடி திரும்பி வந்து படித்தவர்களில் நானும் உண்டு.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். செமஸ்டர் கேள்வித்தாளில் இந்த நாவலுக்கு வந்த கேள்வி என்ன தெரியுமா? ஜே.ஜே.யின் வாழ்க்கை வரலாற்றைத் தொகுத்து வரைக. ஒரு மனிதனின் வாழ்க்கையை ஒழுங்காகத் தொகுக்க முடியாமல் ஒருத்தன் தவிக்கிற நாவலைப் படிக்கச் சொல்லிவிட்டு, அதைத் தொகுத்துத் தா என்றால் என்ன செய்வது? ஜெராக்ஸ் கடையில் விற்கிற நோட்ஸைத்தான் நம்ப வேண்டியதாகிறது. அந்த நோட்ஸ் எழுதிய புண்ணியவான் ஜே.ஜே.யை நிஜ மலையாள எழுத்தாளர் என்றே நம்பிக் குறிப்பு வரைந்திருக்கிறார். அதை அப்படியே எழுதியவர்கள் பாஸ். நடுகல் பையன் தான் நினைத்ததை எழுதிவிட்டு வந்தான், அந்தத் தாளில் அவனுக்கு அரியர். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. மாணவர்களுக்குப் புரியவில்லை என்ற முடிவுக்கு எதை வைத்து வந்தீர்கள் என்று தெரியவில்லை, இந்த மதிப்பெண்களை வைத்துத்தான் என்றால் அது புரிந்ததையும் புரியாததையும் அளந்த கணக்கே இல்லை.

அதனால் கேட்பது இதுதான். நாவலை வையுங்கள், கேள்வியை மாற்றுங்கள். எந்த இடத்தில் உங்களுக்குப் படிக்க முடியாமல் போனது, ஏன் என்று கேளுங்கள். ஜே.ஜே. மீது கோபம் வந்தால் எழுதுங்கள் என்று விடுங்கள். நாவலின் ஒரு பக்கத்தை வினாத்தாளிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டு அதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள், மனப்பாடம் பண்ணியவன் அங்கே திணறுவான். முதல் செமஸ்டரில் இருப்பதை மூன்றாவதுக்குத் தள்ளினாலும் நல்லது, இளங்கலையில் வேறு பாடம் படித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். இதெல்லாம் முடியாது, எடுத்தே தீருவோம் என்றால் எடுங்கள், ஆனால் கூட்டக் குறிப்பில் காரணத்தை எழுதும்போது 'மாணவர் நலன் கருதி' என்று மட்டும் போடாதீர்கள். திருத்துவதற்குச் சிரமமாக இருக்கிறது என்பது காரணமானால் அதையே போடுங்கள்.

இன்னொன்று. வைப்பதாக முடிவானால் துறை நூலகத்துக்கு நாலைந்து பிரதி வாங்க ஏற்பாடு செய்யுங்கள். இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் பைண்டிங் விட்டுப்போய் நடுவில் சில தாள் கையோடு வருகிறது. முதலாண்டுப் பிள்ளைகள் இப்போதே முறை போட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி,
தருமபுரி