புகார்: உங்களிடம் வாங்கிய கணினி செட் இன்றுவரை திறக்கவில்லை

சுங்கை சிப்புட், பேராக்
ஜனவரி 2026

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், பெட்டாலிங் ஜெயா.

பொருள்: ஈப்போ கிளையில் வாங்கிய செட் உயிர் பெறாதது, உங்கள் ஆட்கள் எங்களை நடத்திய விதம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எழுதினேன், மின்னஞ்சல் போட்டேன், உங்கள் நம்பருக்குக் கூப்பிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டே காத்திருந்தேன். எதற்கும் ஒழுங்கான பதில் இல்லாததால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தீபாவளிக்கு முன் நீங்கள் முகநூலில் போட்ட விளம்பரம் தமிழில்தான் இருந்தது. "போர்டு, சிப்பு, ரேம் எல்லாம் பொருத்தம் பார்த்து டெஸ்ட் செய்த செட், வீட்டில் மாட்டினால் போதும்" என்று அதில் எழுதியிருந்தீர்கள். தமிழில் கூப்பிட்டு விற்றவர்கள் தமிழில் வரும் புகாரையும் படிக்கத்தான் வேண்டும்.

நான் சுங்கை சிப்புட்டில் சின்ன அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அழைப்பு, கோயில் திருவிழா பேனர், இவைதான் எங்கள் பிழைப்பு. சுற்றியுள்ள தோட்டத்து மக்கள் எல்லோருக்கும் எங்கள் கடை தெரியும். பழைய கணினி பெரிய பேனரைத் திறந்தாலே திணறுகிறது என்றுதான் தை மாத வேலைக்கு முன் புதிது வேண்டும் என்று நவம்பரில் உங்கள் ஈப்போ கிளைக்கு வந்தேன். 4,380 வெள்ளி. தவணை கிடையாது, முழுப் பணமும் கையில் கொடுத்தேன். ரசீது நகல் இதனுடன் இருக்கிறது. எந்த செட் என்று நான் விளக்கத் தேவையில்லை, ரசீதில் உள்ள பெயரைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். நீங்கள் சேர்த்த செட், நீங்கள் வைத்த பெயர்.

மாட்டியது என் தம்பி. உங்கு ஓமார் பொலிடெக்னிக்கில் மின்னியல் படித்தவன், இந்த ஊரில் பாதிப் பேருடைய கணினியைப் பார்ப்பவன் அவன்தான். சுவிட்சைப் போட்டதும் காற்றாடி எல்லாம் சுற்றியது, ரேமில் விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றுமில்லை. எல்லாப் பாகமும் மாட்டும் போர்டின் ஓரத்தில், கணினியின் மூளையான சிப்புக்கு நேராக உள்ள சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. டிடிஆர்5 ரேம் முதல் தடவை திறக்கும்போது தன்னைச் சரிபார்த்துக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும் என்று தம்பி சொன்னதால் பொறுமையாக உட்கார்ந்திருந்தோம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அதே சிவப்பு.

பிறகு அவன் செய்யாதது ஒன்றுமில்லை. ரேமைக் கழற்றி, சிப்பிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில்தான் இருக்கிறதா என்று பார்த்தான். ஒரே ஒரு ரேமை வைத்துப் பார்த்தான். 24 பின் வயரையும் சிப்புக்குப் போகும் 8 பின் வயரையும் பிடுங்கித் திரும்ப அழுத்தினான். வட்ட பேட்டரியைக் கழற்றி, பயோஸ் என்று போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருளின் அமைப்பை அழித்தான். கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு, இந்தச் சிப்பிலேயே படம் காட்டும் வசதி இருக்கிறது என்பதால் திரை வயரை நேராகப் போர்டில் செருகினான். பவர் சப்ளையை இன்னொரு கணினியிலிருந்து கடன் வாங்கி மாட்டினான். கடைசியில் எல்லாவற்றையும் கேசிங்கை விட்டு வெளியே எடுத்து, அட்டைப் பெட்டி மேல் வைத்து எரியவிட்டுப் பார்த்தான். அதே சிவப்பு விளக்கு.

இவ்வளவையும் ஒன்றுவிடாமல் எழுதி, படமும் எடுத்து, உங்கள் சேவைப் பிரிவுக்கு அனுப்பினோம். அனுப்பியதை யாராவது படித்தார்களா? படித்திருந்தால் அந்தத் தொலைபேசி ஆள் என்னிடம் அப்படிப் பேசியிருக்கமாட்டார்.

அவர் பேரைக் கேட்டேன், சொல்லவில்லை. நான் எந்த ஊர் என்று கேட்டார். சுங்கை சிப்புட் என்றேன். உடனே, "எஸ்டேட்டு பக்கமா? அங்கெல்லாம் கரண்டு ஏறி எறங்கும் லா அக்கா, அதான் போர்டு போயிருக்கும், அதுக்கு வாரண்டி இல்ல" என்றார். போர்டைப் பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை, ஊர்ப் பெயரைக் கேட்டதும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இதே சுவரில் இதே பிளக்கில் பழைய கணினியும் லேசர் பிரிண்டரும் பேனர் மெஷினும் ஓடுகின்றன தம்பி என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அதற்கு அவர் சொன்னது: "எஸ்டேட்டு ஆளுங்களுக்கு இவ்ளோ பெரிய செட்டு எதுக்கு? சாதா லேப்டாப் வாங்கியிருக்கலாமே." சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் காலத்தில் தோட்டத்து லயத்தில் ஜெனரேட்டர் கரண்ட்தான், ராத்திரி நேரம் பார்த்து நிறுத்திவிடுவார்கள், மண்ணெண்ணெய் விளக்கில்தான் என் அண்ணன்மார் படித்தார்கள். அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது. உங்கள் கிளைக்கு வரும் அதே 230 வோல்ட் தெனாகா மின்சாரம்தான் எங்கள் கடைக்கும் வருகிறது, நாங்களும் மாதம் தவறாமல் பில் கட்டுகிறோம். பால் வெட்டும் உளியைத் தீட்டித் தராமல் மரம் வெட்டும் நிரைக்கு அனுப்பிவிட்டு, பால் வரவில்லை என்றதும் மரத்தைக் குறை சொன்னதுபோல இருக்கிறது உங்கள் ஆளின் பேச்சு. அந்த அழைப்பைப் பதிவு செய்திருப்பீர்கள், எடுத்துக் கேளுங்கள். எழுத்தில் மன்னிப்பு வராமல் இதை நான் விடமாட்டேன்.

கோபத்தில் முன்பின்னாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அழைப்புக்கு முன்பே போர்டையும் சிப்பையும் ஈப்போ கிளையில் கொடுத்திருந்தோம். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஒரு வாரம் வைத்திருந்து, "டெஸ்ட் செய்தோம், போர்டில் கோளாறு இல்லை" என்று சீட்டு எழுதி, கோளாறு இல்லாததால் சோதனைக் கட்டணம் என்று 80 வெள்ளியும் வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சீட்டைக் கொஞ்சம் படியுங்கள். எந்தச் சிப்பை வைத்து டெஸ்ட் செய்தார்களாம்? ரைசன் 5 7600. நீங்கள் எனக்கு விற்றது ரைசன் 7 9700எக்ஸ்.

உங்கள் பொருள் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். இந்த செட்டில் உள்ள பி650 வகைப் போர்டுகள் 2022 அக்டோபரிலேயே கடைக்கு வந்துவிட்டன. 9700எக்ஸ் வந்தது 2024 ஆகஸ்ட்டில். சாக்கெட் இரண்டுக்கும் ஒன்றுதான், 1718 பின், சிப்பு அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் போர்டுக்குள் இருக்கும் பயோஸ் இந்தச் சிப்புக்கு ஆதரவு சேர்ப்பதற்கு முந்தையது என்றால் இந்தச் சிப்பை அதற்கு அடையாளம் தெரியாது. காற்றாடி சுற்றும், விளக்கு எரியும், திரை வராது. எங்கள் கடையில் நடப்பது அட்சரம் பிசகாமல் அதுதான். எங்கள் போர்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பயோஸ் எண் இருக்கிறது. போர்டு தயாரித்தவர்களின் பட்டியலில் 9700எக்ஸ்க்கு நேராக, இந்த எண்ணிலிருந்துதான் வேலை செய்யும் என்று வேறொரு புதிய எண் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தம்பி எடுத்த படமும் உங்களிடம் இருக்கிறது.

சில போர்டுகளில் சிப்பே இல்லாமல், பென்டிரைவைச் செருகிப் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் பயோஸ் புதுப்பித்துக்கொள்ளும். நீங்கள் இந்த செட்டில் போட்ட போர்டில் அந்தப் பொத்தான் கிடையாது. இதற்கு ஒரு பழைய 7000 வரிசைச் சிப்பு வேண்டும். அதை மாட்டி, திறந்து, பயோஸைப் புதுப்பித்து, பிறகு எங்கள் சிப்பை மாட்ட வேண்டும். சுங்கை சிப்புட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டோம், அந்தச் சிப்பு யாரிடமும் இல்லை. உங்கள் ஈப்போ கிளையில் இருந்தது, டெஸ்ட் செய்த அந்த 7600தான். எங்கள் போர்டிலேயே மாட்டியும் இருந்தது. திரையும் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு பென்டிரைவைச் செருகியிருந்தால் பத்து நிமிட வேலை, இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திருக்காது. செய்யவில்லை. பழைய சிப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு, போர்டை எங்களிடம் திருப்பித் தந்து, 80 வெள்ளியும் வாங்கினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

போர்டு நல்லது என்றால் சிப்புதான் கெட்டது, அதற்கு பெட்டாலிங் ஜெயா சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். புலனத்தில் கேட்டேன். "டிசம்பர் 11 வியாழக்கிழமை நேரில் வாங்க, அன்றைக்கே மாற்றித் தருவோம்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கடையைச் சாத்திவிட்டு, சிப்பைக் கைப்பையில் துணி சுற்றி வைத்துக்கொண்டு, இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய், அங்கிருந்து எல்ஆர்டி பிடித்து வந்து நின்றேன். உங்கள் கதவு பூட்டியிருந்தது. காவலாளிதான் சொன்னார், இன்றைக்கு சிலாங்கூர் சுல்தான் பிறந்தநாள், மாநில விடுமுறை என்று. பேராக்கில் அன்று வேலை நாள். எங்கள் சுல்தான் பிறந்தநாள் விடுமுறை நவம்பரிலேயே வந்து போய்விட்டது. வருடா வருடம் டிசம்பர் 11 சிலாங்கூரில் விடுமுறை. சிலாங்கூரில் அலுவலகம் வைத்திருக்கும் நீங்கள் அதே தேதியைக் கொடுத்து ஒரு பெண்ணைத் தொலைதூரத்திலிருந்து வரவழைத்தீர்கள். நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்ப ரயில் ஏறி, இருட்டிய பிறகு வீடு வந்து சேர்ந்தேன். வருத்தம் தெரிவித்து ஒரு வரி? இன்றுவரை இல்லை.

பிறகு சிப்பைத் தபாலில் அனுப்பச் சொன்னீர்கள், அனுப்பினோம். கோளாறு இல்லை என்று அதுவும் திரும்பி வந்தது. இப்போது உங்கள் கணக்கில் போர்டும் நல்லது, சிப்பும் நல்லது. எங்கள் மேசையில் 4,380 வெள்ளி பெட்டி இருட்டாக உட்கார்ந்திருக்கிறது.

தை பிறந்துவிட்டது. பிப்ரவரி 1 தைப்பூசம். வழக்கமாக இந்தச் சமயத்தில் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்களின் தண்ணீர்ப் பந்தல் பேனர், அன்னதானப் பேனர் என்று இரவு பகல் பார்க்காமல் வேலை நடக்கும். இந்த வருடம் பெரிய பேனர்களை எல்லாம் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். எங்களிடமே மூன்று தலைமுறையாகப் பத்திரிகை அடித்த குடும்பம் இந்தத் தையில் ஈப்போவுக்குப் போய்விட்டது. ஒருமுறை போனவர்கள் திரும்ப வருவார்களா? குறைந்தது 20,000 வெள்ளி எனக்கு நட்டம். பெயர் கெட்டதற்கு விலையே கிடையாது. என் தொழிலையே நீங்கள் சாய்த்துவிட்டீர்கள்.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமில்லை. கணினி ஓடினால் போதும். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் ஆள் ஒருவர் 7000 வரிசைச் சிப்போடு எங்கள் கடைக்கு வந்து, பயோஸைப் புதுப்பித்து, எங்கள் 9700எக்ஸை மாட்டி, திரை வருவதை எங்கள் கண் முன்னால் காட்ட வேண்டும். நாங்கள் சுமந்துகொண்டு ஈப்போவுக்கு வருவதாக இல்லை, அலைந்தது போதும். அது முடியாது என்றால் 4,380 வெள்ளியையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள், பெட்டியை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். எதைச் செய்தாலும் 80 வெள்ளியும், பெட்டாலிங் ஜெயா போய்வந்த செலவும், அந்த ஆளின் எழுத்து மன்னிப்பும் சேர்ந்து வர வேண்டும். உங்கள் கிடங்கில் இதே செட் இன்னும் இருந்தால் தயவுசெய்து பயோஸைப் புதுப்பித்துவிட்டு விற்கும்படி சொல்லுங்கள். பொலிடெக்னிக் படித்த தம்பி எல்லார் வீட்டிலும் இருக்கமாட்டான்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. திறக்கவே திறக்காத கணினி எந்தத் தரத்தில் சேரும் என்று அங்கே வந்து சொல்லுங்கள். வழக்கு பதிய 5 வெள்ளி போதும், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வைத்துப் பேச உங்களுக்கும் அனுமதி கிடையாது. முதலாம் பாரத்தை நிரப்பித் தயாராக வைத்திருக்கிறேன். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் உள்நாட்டு வாணிப அமைச்சின் ஈப்போ அலுவலகத்துக்கும் இதே கடிதத்தின் நகல் போகும். தமிழ் நாளிதழ்களுக்கும் அனுப்புவேன், தமிழில் விளம்பரம் பார்த்து வாங்கியவர்கள் தமிழிலேயே தெரிந்துகொள்ளட்டும்.

அதற்கெல்லாம் இடம் வைக்கமாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன். கூப்பிடுவதாக இருந்தால் கடை நம்பருக்குக் காலை 9 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அந்தத் தொலைபேசி ஆளைத் தவிர வேறு யார் பேசினாலும் சரி.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்,
சுங்கை சிப்புட்.